நெட்ஸ்கேப்புக்கு ஒப்பாரி வைக்கறவங்களுக்கு...

வருஷா வருஷம் டிசம்பர் 28 ஆனா எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு படம் வந்து விழும். இருட்டு வானம், பூமியோட வளைவு, அது மேல பெருசா 'என்' எழுத்து. நெட்ஸ்கேப் நேவிகேட்டர். அனுப்புறவர் என் தாய்மாமா. கீழே "மறக்க முடியுமா"ன்னு ஒரு வரி, நாலு அழுகை பொம்மை. 2007-ல அதே தேதியிலதான் ஏஓஎல் கம்பெனி நெட்ஸ்கேப்பை இழுத்து மூடப்போறதா அறிவிச்சது. 2008 மார்ச் 1-ஓட ஆதரவு நின்னுபோச்சு. எங்க பாட்டி வருஷா வருஷம் அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு பொம்மை போடுவாங்க. யாரோ சொந்தக்காரங்க தவறிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு :-)

போன தடவை நான் எதுவும் போடலை. மாமா ஃபோன் பண்ணி, "என்னடா மாப்ள, நீயும் சாஃப்ட்வேர்ல இருக்கே, ஒரு லைக் கூட போட மாட்டேங்கறே?"ன்னு கேட்டார். அப்போ சிரிச்சு மழுப்பிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்க எழுதறேன். மாமா, படிச்சா கோச்சுக்காதீங்க.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நெட்ஸ்கேப்பை நானும் பார்த்திருக்கேன். எங்க ஊர் வள்ளூர் (திருவள்ளூர் இல்லீங்க, மீஞ்சூர் பக்கத்துல அனல்மின் நிலையம் இருக்கே, அந்த வள்ளூர். ஒவ்வொரு தடவையும் இதை விளக்கியே எனக்கு ஆயுசு போகுது). நான் மூணாம் கிளாஸ் படிக்கறப்போ மாமா வேலை மாறத் தேடிக்கிட்டு இருந்தார். மெயில் பார்க்க பொன்னேரிக்கு டிரெயின் ஏறுவார், கூட என்னையும் கூட்டிக்கிட்டுப் போவார். ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்துல ஒரு பிரவுசிங் சென்டர். நல்ல கம்ப்யூட்டர்னா மணிக்கு இருபது ரூபா, மூலையில இருந்த பழைய டப்பான்னா பத்து ரூபா. மாமா எப்பவும் பத்து ரூபா டப்பாதான். அதுல நெட்ஸ்கேப் 4.7. பக்கம் வர்ற வரைக்கும் மேல வலது ஓரத்துல அந்த 'என்' மேல எரிநட்சத்திரம் விழுந்துக்கிட்டே இருக்கும். அதை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு பக்கம் வர்றதுக்குள்ள நூறு தாண்டிடும்.

ஆக எனக்கும் நாஸ்டால்ஜியா உண்டு. ஆனா நாஸ்டால்ஜியா வேற, வரலாறு வேற. மாமா அனுப்புற படத்துல வரலாறு சுத்தமா இல்லை.

நியாயமா சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லிடறேன். 1994 ஏப்ரல்ல ஜிம் கிளார்க்கும் மார்க் ஆண்ட்ரீசனும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி அது. அதே வருஷம் டிசம்பர்ல 1.0 வந்துடுச்சு. இன்னைக்கு நீங்க பேங்க் பக்கத்துல பாஸ்வேர்ட் போடறப்போ பூட்டுப் படம் வருதே, அதுக்கு மூலமான எஸ்எஸ்எல் அங்கே பிறந்தது. குக்கி அங்கே பிறந்தது. எனக்கும் என்னை மாதிரி பல லட்சம் பேருக்கும் சோறு போடற ஜாவாஸ்கிரிப்ட், 1995 மே மாசம் பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல எழுதினது (அந்தப் பத்து நாள் அவசரம் இன்னைக்கும் தெரியும், அது தனிக் கதை). 1995 ஆகஸ்ட் 9-ம் தேதி பங்குச் சந்தைக்கு வந்தப்போ 28 டாலர் பங்கு, அன்னைக்கு சாயங்காலம் 58 டாலர் தாண்டி நின்னுச்சு. அதுக்கு ஆறு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 15-ல நம்ம ஊர்ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பிச்சது. அதனால மாமா தலைமுறைக்கு இன்டர்நெட்டுன்னா நெட்ஸ்கேப், நெட்ஸ்கேப்னா இன்டர்நெட். ஒத்துக்கறேன்.

ஆனா மாமா, ஒரு கேள்வி. அந்தப் பத்து ரூபா டப்பாவுல தமிழ் தெரிஞ்சுதா?

தெரியலை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க ஏதோ தமிழ்ப் பத்திரிகை பக்கத்தைத் திறப்பீங்க, திரை முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி கொசகொசன்னு ஏதோ வரும், "ஃபான்ட் இல்லைடா"ன்னு மூடிடுவீங்க. மூணாம் கிளாஸ் பையன் அதைத்தான் ரொம்ப நாளைக்கு இங்கிலீஷ்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கால கூத்து இப்போ இருக்கற பசங்களுக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். யூனிகோட்ல தமிழுக்கு 1991-லயே இடம் கொடுத்தாச்சு. ஆனா இடம் கொடுத்தா மட்டும் போதாது. 'கொ'ன்னு ஒரு எழுத்து திரையில வரணும்னா கொம்பை முன்னாடி போட்டு, ககரத்தை நடுவுல போட்டு, காலைப் பின்னாடி போடற வேலையை யாராவது செய்யணும். நெட்ஸ்கேப் 4-க்கு அது தெரியாது. அதனால நம்மாளுங்க என்ன பண்ணாங்க, இங்கிலீஷ் எழுத்துக்கு மேல மிச்சம் இருக்கற இடங்கள்ல தமிழ் எழுத்தோட துண்டுகளை ஒட்டி வெச்சாங்க. உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் மின்னஞ்சல்ல பேசிப் பேசி உருவாக்கின டிஸ்கி ஒண்ணு. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட டாம், டாப் ரெண்டு. இது போதாதுன்னு ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தமா ஒரு ஃபான்ட்டு, சொந்தமா ஒரு குறியீடு.

நெட்ஸ்கேப்ல டிஸ்கி பக்கம் படிக்கணும்னா ஃபான்ட்டை இறக்கணும், நிறுவணும், பிரிஃபரன்சஸ்க்குள்ள போய் 'யூசர் டிஃபைன்ட்'னு ஒரு பட்டியலைத் தேடி அதுக்கு அந்தத் தமிழ் ஃபான்ட்டைக் காட்டணும், அப்புறம் வியூ மெனுவுல குறியீட்டை 'யூசர் டிஃபைன்ட்'டுக்கு மாத்தணும். 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல கல்யாணசுந்தரமும் அவரோட சேர்ந்த தன்னார்வலர்களும் சங்க இலக்கியத்தை எல்லாம் தட்டச்சு செஞ்சு ஏத்தினாங்களே, அதைப் படிக்க இந்தச் சடங்கு அத்தனையும் செய்யணும். சரி, படிக்கறவனுக்கு இவ்வளவு கஷ்டம் வேண்டாம், ஃபான்ட் தானா இறங்கட்டும்னு ஒரு வழி வந்துச்சு. அதுலயும் சண்டை. நெட்ஸ்கேப் 4-க்கு பிட்ஸ்ட்ரீம் கம்பெனியோட ட்ரூடாக், எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட்டோட வெஃப்ட். ஒண்ணோட கோப்பு இன்னொண்ணுக்கு ஆகாது. தமிழ்ப் பக்கம் நடத்தறவர் ஒரே ஃபான்ட்டை ரெண்டு விதமா சமைச்சு வைக்கணும். அப்புறம் 2000 நவம்பர்ல நெட்ஸ்கேப் 6 வந்துச்சு. ட்ரூடாக்கைத் தூக்கிட்டாங்க. பாதி சமையல் வீண்.

நான் சொல்ல வர்றது இதுதான். நெட்ஸ்கேப் நமக்கு நண்பன் எல்லாம் கிடையாது. அது ஒரு கலிஃபோர்னியா கம்பெனி. அதுக்குத் தமிழ்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. தமிழை வலையில ஏத்தினது சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி, மலேசியாவுல முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்துல கல்யாணசுந்தரம் மாதிரி ஆளுங்க. அழறதா இருந்தா அவங்க முழிச்ச ராத்திரிகளுக்கு அழுங்க.

அதே மாதிரி "பாவம், நல்லவனை மைக்ரோசாஃப்ட் கொன்னுட்டான்"னு ஒரு கதை. மைக்ரோசாஃப்ட் பண்ணினது அயோக்கியத்தனம், அதுல சந்தேகமே இல்லை. விண்டோஸோட எக்ஸ்ப்ளோரரை இலவசமா ஒட்டிக் கொடுத்தாங்க. கம்ப்யூட்டர் விக்கறவங்க கழுத்தைப் பிடிச்சாங்க. 1998 மே மாசம் அமெரிக்க அரசே வழக்கு போட்டுச்சு. 2000 ஜூன்ல நீதிபதி ஜாக்சன் கம்பெனியை ரெண்டா உடைக்கச் சொன்னார். மறு வருஷம் மேல் கோர்ட்டுல உடைக்க வேண்டாம்னு ஆயிடுச்சு, ஆனா ஏகபோகத்தைத் தவறா பயன்படுத்தினது உண்மைன்னு அங்கேயும் சொன்னாங்க. அதுக்குள்ள நெட்ஸ்கேப் ஏஓஎல் கைக்குப் போய், 2003 மே மாசம் அந்த ஏஓஎல் மைக்ரோசாஃப்ட்கிட்ட 750 மில்லியன் டாலர் வாங்கிக்கிட்டு சமாதானம் ஆகி, எக்ஸ்ப்ளோரரை ஏழு வருஷம் இலவசமா உபயோகிக்க உரிமமும் வாங்கிக்கிச்சு. ரெண்டு மாசத்துல நெட்ஸ்கேப்காரங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஆனா நெட்ஸ்கேப்பும் லேசுப்பட்டது இல்லை. மினுக் மினுக்னு எழுத்தை அடிக்க வைக்கிற 'பிளிங்க்' யாரோட கைங்கரியம்? யாரையும் கேட்காம 'லேயர்'னு சொந்தமா ஒண்ணைக் கொண்டு வந்தது யாரு? "இந்தப் பக்கத்தை நெட்ஸ்கேப்பில் பார்ப்பது சிறந்தது"ன்னு பொத்தான் கொடுத்து ஊர் முழுக்க ஒட்டச் சொன்ன முதல் ஆளே அவங்கதான். அந்த விளையாட்டை அவங்க ஆரம்பிச்சு வெச்சாங்க, எதிராளி அதை இன்னும் பெரிய மைதானத்துல ஆடினான். 4.x-ல ஜன்னலோட அளவை மாத்தினா பக்கமே கலைஞ்சு போகும். ஜாவாஸ்கிரிப்ட்டை அணைச்சா ஸ்டைல்ஷீட்டும் சேர்ந்து அணைஞ்சுடும். ஒரு டேபிளை மூட மறந்தா எக்ஸ்ப்ளோரர் சமாளிச்சுக் காட்டும், நெட்ஸ்கேப் வெள்ளைத் தாள் காட்டும். இந்த வெள்ளைத் தாளை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி மறுபடி வருது. 1998 மார்ச் 31-ல மூல நிரலைத் திறந்துவிட்டாங்க, நல்ல காரியம். அப்புறம் பழசை எல்லாம் தூக்கிப் போட்டு முதல்லேர்ந்து எழுதறோம்னு உக்காந்தாங்க. 5-ம் பதிப்பு வரவே இல்லை. 6 வந்தப்போ அரைவேக்காடு.

சரி, இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். யாரும் எழுதாத மூணாவது கொலைகாரன் ஒருத்தன் இருக்கான். அவன் பேரு புரோகிராமர்.

மாமாவையே எடுத்துக்கறேன் (ஏற்கனவே அனுமதி வாங்கியாச்சு, ஒரு பிளேட் பிரியாணி செலவு). 2003-ல அவர் சென்னையில ஒரு சின்ன கம்பெனியில இருந்தார். வாடிக்கையாளருக்கு வெப் அப்ளிகேஷன். ஒரு மெனு கீழே இறங்கி வரணும்னா நெட்ஸ்கேப் 4-க்கு 'டாக்குமெண்ட் டாட் லேயர்ஸ்', எக்ஸ்ப்ளோரருக்கு 'டாக்குமெண்ட் டாட் ஆல்'னு ரெண்டு தடவை எழுதணும். மாமா என்ன பண்ணார்? மேலேயே நாலு வரி போட்டார். வந்திருக்கறது எக்ஸ்ப்ளோரர் இல்லைன்னா, "தயவுசெய்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ல் பார்க்கவும்"னு ஒரு பெட்டி. அவ்வளவுதான். வேலை பாதியா குறைஞ்சுது, மேனேஜர் தட்டிக் கொடுத்தார்.

"டேய், அப்போ நூத்துல அஞ்சு பேர் கூட நெட்ஸ்கேப் வெச்சிருக்கலைடா. அந்த அஞ்சு பேருக்குன்னு எவன் டைம் கொடுப்பான்?"னார் மாமா. நியாயமான வாதம்தான். உலகம் முழுக்க லட்சக்கணக்கான மாமாக்கள் இதே நியாயமான வாதத்தை வெச்சுத்தான் அந்த அஞ்சையும் பூஜ்யம் ஆக்கினாங்க. அதே மாமாக்கள்தான் இப்போ டிசம்பர் 28-ல அழுகை பொம்மை போடறாங்க. கழுத்தை நெரிச்ச கையாலேயே மாலையும் போடற மாதிரி இருக்கு.

அப்படி நெரிச்சதோட பலன் என்ன? 2001 ஆகஸ்ட்ல எக்ஸ்ப்ளோரர் 6 வந்துச்சு. அடுத்த பதிப்பு 2006 அக்டோபர்ல. நடுவுல அஞ்சு வருஷம் மைக்ரோசாஃப்ட் தூங்கிச்சு. போட்டிக்கு ஆளே இல்லையே, எதுக்கு எழுந்திரிக்கணும்? அந்த அஞ்சு வருஷத்துல வைரஸும் பாப்-அப்பும் தின்ன கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுத்தா கும்மிடிப்பூண்டி சிப்காட் பூரா அடுக்கலாம்.

தூக்கத்தைக் கலைச்சது நெட்ஸ்கேப்போட சாம்பல்லேர்ந்து வந்த ஃபயர்பாக்ஸ். 2004 நவம்பர் 9. தமிழுக்கு அதுவும் உடனே சொர்க்கமா இருக்கலை. விண்டோஸ்ல ஃபயர்பாக்ஸ் 2 வரைக்கும், ரெண்டு ஓரமும் சமமா இருக்கற மாதிரி பத்தியை 'ஜஸ்டிஃபை' பண்ணினா தமிழ் எழுத்து பிரிஞ்சு தொங்கும். கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அந்தக் காலத்துல தமிழ்ல எழுதினவங்களைக் கேளுங்க, "ஜஸ்டிஃபை எடுத்துடுங்க, நரிக்கு ஆகலை"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க. ஆனா அந்தக் குறை எல்லாரும் பார்க்கற வழுப் பட்டியல்ல இருந்துச்சு. தமிழ், இந்தி, அரபி, தாய்னு பல மொழிக்காரங்க போய் அங்கே முறையிட்டாங்க. 2008 ஜூன்ல ஃபயர்பாக்ஸ் 3-ல சரியாச்சு. நாம போய் கதவைத் தட்ட ஒரு வீடு இருந்துச்சுங்கறதுதான் விஷயம்.

இப்போ என் கதைக்கு வரேன். மாமாவை இவ்வளவு கிண்டல் பண்ணிட்டு என்னை விட்டா நியாயம் இல்லை.

2021. நான் இஞ்சினியரிங் முடிச்சு மூணு வருஷம். அப்போ நான் இருந்த கம்பெனிக்கு ஒரு சின்ன வேலை வந்துச்சு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல சில ஃபேக்டரிகளுக்கு ஹவுஸ்கீப்பிங், பேக்கிங் ஆள் அனுப்பற ஒரு கான்ட்ராக்டர். கொரோனாவால விரல் வெக்கற மெஷினை நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா ஃபோன்ல வருகைப் பதிவு. காலையில எஸ்எம்எஸ்ல ஒரு லிங்க் வரும், அதை அமுக்கி, நம்பர் போட்டு, 'வந்தாச்சு'ங்கற பொத்தானைத் தட்டணும். ரொம்பச் சின்ன விஷயம். நான் தனியா ரெண்டே வாரத்துல முடிச்சேன். என் லேப்டாப்ல க்ரோம், என் ஃபோன்ல க்ரோம். ரெண்டுலயும் சூப்பரா ஓடிச்சு.

மாசக் கடைசியில வேற ஒரு வேலையா அந்த ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா வந்து நின்னாங்க. ஆரம்பாக்கம் பக்கத்துலேர்ந்து வர்றவங்க.

"தம்பி, அந்த லிங்க்கு செஞ்சது நீங்கதானாமே?"

"ஆமாக்கா."

"தினம் அமுக்கறேன் தம்பி. வெள்ளையாவே நிக்குது. சூப்பர்வைசர் உன் ஃபோனுதான் சரியில்லைன்றாரு. மூணு நாளு லீவுன்னு போட்டு புடிச்சுட்டாங்க. நான் ஒரு நாளு கூட லீவு போடலை தம்பி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "க்ரோம் போட்டுக்கோங்கக்கா"ன்னேன். வாய் கூசாம.

அந்த அக்கா ஃபோனை எடுத்து நீட்டினாங்க. ஜியோஃபோன். 2017-ல 1,500 ரூபா முன்பணம் கட்டி வாங்கினாங்களே, அந்தப் பொத்தான் ஃபோன். அதுல எங்கே போய் க்ரோம் போடறது?

ராத்திரி வீட்டுக்கு வந்து சர்வர் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பிரவுசரும் உள்ளே வர்றப்போ தன் பேரைச் சொல்லிட்டுத்தான் வரும். அந்த அக்கா ஃபோன் சொன்ன பேரு: மொசில்லா 5.0, கெக்கோ 48, ஃபயர்பாக்ஸ் 48, கைஓஎஸ் 2.5. அப்படியே உக்காந்துட்டேன். கைஓஎஸ்ங்கறது மொசில்லா கைவிட்ட ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்லேர்ந்து கிளைச்சது. அதுக்குள்ள ஓடற கெக்கோ எஞ்சின், நெட்ஸ்கேப்காரங்க பழசைத் தூக்கிப் போட்டு முதல்லேர்ந்து எழுதினாங்களே, அதேதான். அதாவது மாமா வருஷா வருஷம் அஞ்சலி செலுத்தற நெட்ஸ்கேப்போட பேரப்புள்ளை, ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியோட இடுப்புல உயிரோட இருந்திருக்கு. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து, கேட்டுல வந்து நின்னு, என் பக்கத்தைத் தட்டியிருக்கு. நான் உள்ளே விடலை.

காரணம் அற்பம். நான் 'அசிங்க்'னு ஒரு வார்த்தையை ஜாவாஸ்கிரிப்ட்ல உபயோகிச்சிருந்தேன். கெக்கோவுக்கு அது 52-ம் பதிப்புலதான் புரியும். 48-க்குப் புரியாத ஒரு வார்த்தை வந்தா முழு நிரலையும் படிக்காம நிறுத்திடும். பொத்தான் உட்பட எல்லாத்தையும் அந்த நிரல்தான் வரையணும். அதனால வெள்ளைத் தாள். சரி பண்ண கட்டமைப்புக் கோப்புல ஒரு வரி மாத்தணும், ரெண்டு சின்ன நூலகம் சேர்க்கணும், 'கிரிட்'டை எடுத்துட்டு வேற மாதிரி அடுக்க ஒரு மத்தியானம். மொத்தம் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை முன்னாடியே செலவு பண்ணியிருந்தா இருபத்திரண்டு பேருக்கு சம்பளம் புடிச்சிருக்க மாட்டாங்க. ஆமா, பதிவுல எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு பேர். வெள்ளைத் தாளைப் பார்த்துட்டு மறுபடி மறுபடி அமுக்கியிருக்காங்க. ஒருத்தர் ஒரே காலையில பத்தொன்பது தடவை.

பணம் திரும்ப வந்துச்சான்னு கேப்பீங்க. பதிவை எல்லாம் எடுத்துக் கொடுத்து, என் லீடைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசினேன். அந்த அக்காவுக்கு அடுத்த மாசம் ரெண்டு நாள் சம்பளம் வந்துச்சு. மூணாவது நாள் லிங்க்கை அமுக்கவே இல்லை, ஃபோன்ல சார்ஜ் இல்லையாம். அது வரலை.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தறது, "க்ரோம் போட்டுக்கோங்கக்கா"ங்கற அந்த வாக்கியம். 2003-ல மாமா போட்ட பெட்டிச் செய்தியும் இதுவும் ஒரே வாக்கியம். பதினெட்டு வருஷத்துல பேரு மட்டும் மாறியிருக்கு.

இப்போ நிலைமை என்னன்னு பாருங்க. ஓபரா 2013-ல சொந்த எஞ்சினைக் கைவிட்டு கூகுள் பக்கம் போயிடுச்சு. மைக்ரோசாஃப்ட்டே 2018 டிசம்பர்ல தோல்வியை ஒத்துக்கிட்டு, 2020 ஜனவரியில எட்ஜை குரோமியம் மேல கட்டி வெளியிட்டுச்சு. மிச்சம் இருக்கறது கூகுளோட பிளிங்க் (எழுத்தை மினுக்கின பழைய பிளிங்க் இல்லை, இது எஞ்சினோட பேரு), ஆப்பிளோட வெப்கிட், மொசில்லாவோட கெக்கோ. அந்த மொசில்லாவுக்கும் பெரும்பகுதி வருமானம் கூகுள்கிட்டேர்ந்துதான். 2024 ஆகஸ்ட்ல அமெரிக்க நீதிபதி மேத்தா, தேடல்ல கூகுள் சட்டவிரோத ஏகபோகம்னு தீர்ப்பு சொன்னார். க்ரோமை வித்துடணும்னு அரசு கேட்டுச்சு. 2025 செப்டம்பர்ல அதெல்லாம் தேவையில்லைன்னு அவரே சொல்லிட்டார். பழைய படத்தை மறுபடி ஓட்டற மாதிரி இல்லை?

நம்ம ஊர்லயும் ஒரு கொண்டாட்டம் நடந்துச்சு. மத்திய அரசு 2023 ஆகஸ்ட்ல இந்திய பிரவுசர் போட்டி வெச்சது. 2025 மார்ச்ல முதல் பரிசு ஒரு கோடி ரூபா, ஸோஹோவோட 'உலா'வுக்கு. பேரு தமிழ், கம்பெனி நம்ம கம்பெனி, விளம்பரத் தொல்லையைத் தடுக்குது, நானும் போட்டுப் பார்த்தேன், நல்லாவே இருக்கு. குறை சொல்லலை. ஆனா அன்னைக்கு "சுதேசி பிரவுசர் வந்தாச்சு, இனி கூகுள் காலி"ன்னு குதிச்சவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். உலாவும் குரோமியம் மேலதான் கட்டியிருக்கு. வீட்டுக்கு நம்ம பெயின்ட், நம்ம கோலம், நம்ம பேர்ப்பலகை. அஸ்திவாரம் கூகுளோடது.

"குரோமியம் திறந்த மூலம்தானே, யார் வேணா மாத்திக்கலாமே"ன்னு ஒரு அறிவுஜீவி கட்டாயம் வருவார். மாத்திக்கலாம் சார். விளம்பரத் தடுப்பு நீட்சிகள் நம்பியிருந்த பழைய வழியை கூகுள் 2024, 2025-ல க்ரோம்லேர்ந்து படிப்படியா அடைச்சுதே, அப்போ குரோமியம் மேல கட்டின அத்தனை பேருக்கும் என்ன வழி இருந்துச்சு? ஒண்ணு கூடவே போகணும், இல்லைன்னா அந்தப் பழைய பகுதியைச் சொந்தக் காசுல காலம் பூரா தாங்கணும். முடிவை எடுக்கறது ஒரே ஒரு இடம்.

இன்னொருத்தர் வருவார். "ஒரே எஞ்சின்னா நமக்கு வேலை சுலபம்தானே பாஸ்?" சுலபம்தான். 2003-லயும் சுலபமாத்தான் இருந்துச்சு. அந்த சுலபத்தை நம்பி எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் ஓடற மாதிரி எழுதின அலுவலகங்கள், 2022 ஜூன் 15-ல மைக்ரோசாஃப்ட் அதை மூடறேன்னு சொன்னப்போ பட்ட பாட்டை நேர்ல பார்த்திருக்கேன். ஒரு இடத்துல ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை அதுக்காகவே பூட்டி வெச்சிருந்தாங்க. சாவி ஒருத்தர்கிட்ட. அவர் லீவு போட்டா அன்னைக்கு யாருக்கும் பில் கிடையாது.

அதனால மாமா, அடுத்த டிசம்பர் 28-க்கு அந்தப் படத்தை அனுப்பாதீங்க. நீங்க இப்போ டீம் லீடு. உங்களுக்குக் கீழே பன்னிரண்டு பசங்க. அதுல எத்தனை பேர் கம்ப்யூட்டர்ல ஃபயர்பாக்ஸ் இருக்குன்னு ஒரு நாள் எழுந்து போய்ப் பாருங்க.

இதை மாமாகிட்ட ஃபோன்லயும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாலு பேர்கிட்ட இருக்கும்டா"ன்னார். மறுநாள் சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு: "ஒருத்தன். அதுவும் புதுசா சேர்ந்த பையன்."

பி.கு: எங்க ஆபீஸைப் பத்தியும் சொல்லிடறேன், இல்லைன்னா மாமா பின்னூட்டத்துல வந்து கும்முவார். இப்போ நாங்க செய்யற பக்கத்துல தேதி தேர்ந்தெடுக்கற பெட்டி ஃபயர்பாக்ஸ்ல திறக்கறதில்லை. ரெண்டு வாரம் முன்னாடி டிக்கெட் போட்டேன். "பயனர்கள் மிகக் குறைவு, தேவையில்லை"ன்னு மூடிட்டாங்க. திங்கக்கிழமை மறுபடி திறக்கறேன்.